ஏழாவது சாவி

“மெஷின் பொய் சொல்லுமா மேடம்?” என்று கேட்டார் நயினார்.

“சொல்லாது. அதுக்கு என்ன லாபம்?” என்றார் ரூபவதி.

கேட்டவருக்கு வயது ஐம்பத்துமூன்று. பதில் சொன்னவருக்கு முப்பத்துநாலு. இந்தக் கதையில் சீடன்தான் மூத்தவர். கல்லூரியில் இதைச் சொல்லி நயினாரை ஓட்டாத ஆளில்லை.

இருபத்தாறு வருடம் அலுவலகத்தில் கோப்பு தூக்கியவரை மூன்று வருடத்துக்கு முன் சர்வர் அறைக்கு மாற்றினார்கள். மௌஸைப் பிடிக்கவே தெரியவில்லை. அந்த அறைக்குப் பொறுப்பாளரான ரூபவதி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு கட்டளையைத்தான் அடிக்கச் சொன்னார்.

ஐடி. இரண்டே எழுத்து. ‘நான் யார், எந்தெந்தக் குழுவில் இருக்கிறேன்’ என்று மெஷினைக் கேட்பது அது.

“என் பேரு எனக்குத் தெரியாதா மேடம்?” என்று அப்போது நயினார் சிரித்தார்.

“உங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. மெஷின் உங்களை யாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்குன்னு தெரிய வேண்டாமா? தெனமும் காலைல கேளுங்க.”

ஒரு வருடம் ஒழுங்காகக் கேட்டார். அப்புறம் தொழில் கைவந்துவிட்டது. தொழில் கைவந்தவன் தன்னைப் பற்றி விசாரிப்பதை முதலில் நிறுத்திவிடுவான். நயினாரும் நிறுத்திவிட்டார்.

இப்போது மணி பதினொன்றே கால். நயினார் கையில் இரண்டு தாள்கள் இருந்தன.

“இதைப் பாருங்க மேடம். விசாரணைக் குழுவுல யார் யாருன்னு மெஷினைக் கேட்டேன். மூணு பேருதான்னு சொல்லுது. ஆனா நாலாவது ஆளுக்கும் ஃபோல்டரைத் திறந்து விட்டிருக்கு. அப்ப பொய்தானே?”

ரூபவதி தாளை வாங்கவில்லை.

நடந்தது இதுதான். வேதியியல் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் சந்தனமாரி, தன் துறைத் தலைவர் தவசிமுத்து மீது புகார் எழுதிக் கொடுத்திருந்தார். ஆண்டு விழா அன்று மேடைக்குப் பின்னால், விருந்தினர்களுக்கு வாங்கியதில் மிஞ்சிய மாலை ஒன்றை அந்தப் பேராசிரியர் எடுத்து சந்தனமாரி கழுத்தில் போட்டார். “இன்னைக்கே முகூர்த்தம் முடிஞ்சது” என்றார். கழற்றப் போன கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். நூலகர் மெஹருன்னிசா தலைவர். புகாரும் சாட்சியின் பெயரும் சர்வரில் ஒரு பூட்டிய ஃபோல்டரில் இருந்தன. மூன்று பேரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது என்று சந்தனமாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

தவசிமுத்து திறந்தார். படித்தார். புகாரில் இருந்த ஒரே சாட்சியான துப்புரவுப் பணியாளர் பேச்சித்தாயை அறைக்குக் கூப்பிட்டு, அதில் இருந்த வரிகளை அப்படியே ஒப்பித்துக் காட்டினார். மறுநாளே பேச்சித்தாய், தான் எதையும் பார்க்கவில்லை என்று கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு விசாரணை முடிகிறது. கண்ணால் பார்த்த ஒருவராவது அதற்குள் வராவிட்டால் புகாருக்கு ஆதாரமில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். சந்தனமாரிக்கு வேலை போகும். அதைவிடப் பெரிதாக, மாலைக்கு ஆசைப்பட்டுக் கழுத்தை நீட்டியவள் என்ற பேச்சு ஊரில் மிஞ்சும்.

ஃபோல்டரைத் திறந்தது யார் என்பதை நேற்று ரூபவதியே கண்டுபிடித்துவிட்டார். எப்படித் திறந்தது என்று பார்த்துவரச் சொல்லி நயினாரிடம் விட்டிருந்தார்.

“அந்த வாரம் நீங்க என்னென்ன செஞ்சீங்க? வரிசையா சொல்லுங்க அண்ணாச்சி.”

“விழா வெள்ளிக்கிழமை முடிஞ்சது. திங்கக்கிழமை காலைல விழாக் குழுவை மெஷின்ல இருந்து அழிச்சேன்.”

“அழிக்கச் சொல்லி யாராவது கேட்டாங்களா?”

“இல்ல மேடம். வேலை முடிஞ்ச குழுதானே. நானாத்தான் அழிச்சேன்.”

“போன வருசத்து விழாக் குழுவை எத்தனை மாசம் கழிச்சு அழிச்சீங்க?”

நயினார் யோசித்தார். போன வருடத்தை எட்டு மாதம் அப்படியே போட்டு வைத்திருந்தார். ரூபவதி மூன்று தடவை ஞாபகப்படுத்திய பிறகுதான் அழித்தார்.

“இந்த வருசம் கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்துட்டேன்” என்றார்.

அது பொய். அந்தத் திங்கட்கிழமை காலையில் திரையில் விழாக் குழு என்ற பெயரைப் பார்த்தபோது அவருக்கு உடம்பு கூசியது. கண்முன் இருக்கக் கூடாது என்று அழித்தார். அழித்ததும் மனசு லேசானது. டீ குடிக்கப் போனார்.

“அப்புறம்?”

“செவ்வாய்க்கிழமை புகார் வந்தது. விசாரணைக் குழுன்னு புதுசா ஒண்ணு போடச் சொன்னாங்க. போட்டேன்.”

“அந்தக் குழுவுக்கு மெஷின்ல என்ன நம்பர் விழுந்தது?”

“ஆயிரத்து நாப்பத்தேழு.”

“விழாக் குழு நம்பர் என்ன?”

நயினாருக்குச் சட்டென்று உறைத்தது. கடைசியாக இருந்த எண்ணை அழித்தால் அடுத்து வருகிற குழுவுக்கு அதே எண்தான் விழும். அதுவும் ஆயிரத்து நாற்பத்தேழு.

ரூபவதி எழுந்து சுவரோரம் போனார். கல்லூரி அறைச் சாவிகள் தொங்கும் பலகை அங்கே இருந்தது. பதினாலாம் கொக்கியில் சாவி இல்லை. கொக்கிக்குக் கீழே ‘விழாக் குழு, ஒப்பனை அறை’ என்று எழுதிய சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கிளப்பி உரித்து, மேசை விளிம்பில் ஒட்டி வைத்தார்.

“இப்ப விழாக் குழு இருக்கா?”

“இல்ல.”

“ஒப்பனை அறையைத் திறக்க முடியுமா?”

“முடியும். சாவி வாங்கிட்டுப் போனவங்க கையிலல்லா இருக்கு.”

ரூபவதி ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து ‘விசாரணைக் குழு’ என்று எழுதி அதே கொக்கிக்குக் கீழே ஒட்டினார். வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நயினார் அந்தக் கொக்கியையே பார்த்தார். பார்க்கப் பார்க்க விளங்கியது. மெஷினுக்குப் பெயர் முக்கியமில்லை, எண்தான் முக்கியம். பட்டியலில் இருந்து பெயரை அழித்தது சரிதான். ஆனால் அழித்த நேரத்தில் மெஷினில் லாகின் செய்து உள்ளே இருந்தவர்கள் கையில் அந்த எண் அப்படியே இருந்துவிட்டது. அவர்கள் வெளியே போய்த் திரும்ப நுழைந்தால்தான் அது கழன்று விழும். விழாக் குழுவில் இருந்த தவசிமுத்து வெளியே போகிற ஆளில்லை. சாயங்காலம் திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். மாதக்கணக்கில் உள்ளேயே இருப்பார்.

“மெஷின் பொய் சொல்லல மேடம்” என்றார் நயினார் மெதுவாக.

“ஒப்பனை அறைக்கு எத்தனை சாவி வெட்டினீங்க?”

“ஏழு. குழுவுல ஆளுக்கு ஒண்ணு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரூபவதி இப்போது கையை நீட்டினார். நயினார் இரண்டாவது தாளைக் கொடுத்தார். பழைய விழாக் குழுவில் இருந்தவர்களின் பெயர்களை அதில் அவரே வரிசையாக எழுதியிருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. பெயர்கள் ஆறு.

ரூபவதி தாளைப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

“இன்னைக்குக் காலைல ஐடி கேட்டீங்களா அண்ணாச்சி?”

“இல்ல மேடம்.”

“கேளுங்க.”

நயினார் தன் நாற்காலிக்குப் போனார். அவரும் சாயங்காலம் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகிற ஆள்தான். இரண்டு எழுத்தை அடிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் நினைத்ததில்லை. அடித்தார்.

மெஷின் பதில் சொன்னது. நயினார். அலுவலகப் பணியாளர் குழு. சர்வர் அறைக் குழு. கடைசியில் ஆயிரத்து நாற்பத்தேழு, விசாரணைக் குழு.

திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் ரூபவதி வந்து நிற்பது தெரிந்தது.

“எப்பத்துல இருந்து தெரியும்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நயினாருக்கு அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. முப்பது வருட அலுவலக அனுபவத்தில் எத்தனையோ தடவை காப்பாற்றிய வார்த்தை அது.

“பத்து நாளா” என்றார்.

“ம்.”

“ஃபோல்டர் போட்ட அன்னைக்கே, பூட்டு சரியா விழுந்திருக்கான்னு சும்மா தொட்டுப் பாத்தேன் மேடம். அனுமதி இல்லைன்னு வரணும். வரல. திறந்துட்டு.”

“திறந்ததும்?”

“மூடியிருக்கணும்.”

“மூடலை.”

“படிச்சேன்.”



“திறக்குதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. படிச்சீங்களான்னு கேப்பீங்க.” நயினார் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். “எனக்குத் திறக்குதுன்னா அவருக்கும் திறக்கும்னு எனக்குத் தெரியாதா மேடம்? அன்னைக்கு ராத்திரியே தெரியும். அவரு என்னத்த இதுக்குள்ள வந்து பாக்கப் போறாருன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். பேச்சித்தாய் கைநாட்டு வச்சுக் குடுத்த அன்னைக்குச் சோறு இறங்கல. அப்பவும் சொல்லல.”

“புகார்ல அப்படி என்ன இருந்தது, சொல்ல முடியாதபடிக்கு?”

இந்தக் கேள்விக்குத்தான் நயினார் பத்து நாளாகப் பயந்துகொண்டிருந்தார்.

புகாரின் நாலாவது பத்தியில் சந்தனமாரி எழுதியிருந்தார்: ‘அந்த இடத்தில் விழாக் குழு பேட்ஜ் குத்திய சிலர் நின்றார்கள். ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களும் சிரித்தார்கள்.’

நயினார் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று சிரித்தவர் அவர்தான். வேடிக்கை என்று நினைத்துத்தான் சிரித்தார். துறைத் தலைவர் ஒரு ஜோக் அடித்தால் அலுவலக ஆள் சிரிப்பது வழக்கம். சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் முகம் கண்ணில் பட்டுவிட்டது. வாய் மூட நேரமாகிவிட்டது.

வீட்டில் கல்யாண வயதில் அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அதைக்கூட அவர் இந்தப் பத்து நாளில் நினைக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

“அந்த ஃபோல்டரை இப்பவே வேற இடத்துக்கு மாத்தணும் மேடம். எல்லாரையும் வெளியேத்தணும்” என்றார், பேச்சை வேலைப் பக்கம் திருப்பி.

“ஃபோல்டரை நேத்தே மாத்திட்டேன்” என்றார் ரூபவதி. “ஆறு பேரையும் நேத்து சாயங்காலமே வெளியேத்திட்டேன். ஒருத்தரை மட்டும் விட்டு வச்சிருக்கேன்.”

நயினார் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

யார் யார் திறந்தார்கள் என்று நேற்றுப் பார்த்தபோதே இவர் பெயரையும் ரூபவதி பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, போய்க் கண்டுபிடித்து வாருங்கள் என்று இவரையே அனுப்பியிருக்கிறார். இவரோ ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆறு பெயரை அழகாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“என்னையும் தள்ளியிருக்கலாம்லா மேடம்?”

“நீங்களா போங்க அண்ணாச்சி.”

நயினார் வெளியேறினார். திரை கறுத்தது. மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வந்தார். ஐடி அடித்தார். அலுவலகப் பணியாளர் குழு. சர்வர் அறைக் குழு. அதோடு நின்றது.

நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“போயிட்டு மேடம்.”

“எது?”

ரூபவதி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். என்ன கேட்கிறார் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. இடுப்பில் இருந்த கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பீரோ சாவி. நாலாவதாக ஒப்பனை அறைச் சாவி. விழா முடிந்து பதினாலு நாளாக இடுப்பில் கிடந்திருக்கிறது. வளையத்தில் இருந்து கழற்றுவதற்குள் விரல் இரண்டு தடவை வழுக்கியது.

ரூபவதி அதை வாங்கிப் பதினாலாம் கொக்கியில் மாட்டினார். பிறகு மேசை விளிம்பில் ஒட்டி வைத்திருந்த பழைய சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். விழா அன்று போட்டிருந்த அதே சந்தனக் கலர் சட்டைதான் நயினார் இன்றும் போட்டிருந்தார். பையின் மேல் பேட்ஜ் ஊக்கு குத்திய இரண்டு சின்ன ஓட்டைகள் தெரிந்தன. அந்த இடத்தில் சீட்டை வைத்து அழுத்தி ஒட்டினார்.

ஒட்டிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

“மேடம், எனக்கு இன்னும் அஞ்சு வருசம் சர்வீஸ் இருக்கு” என்றார் நயினார்.

“தெரியும்.”

“படிச்சதுக்கு என்னைத் தூக்கிருவாங்க.”

“தூக்கலாம்” என்றார் ரூபவதி. தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, ஃபோல்டரைச் சரியாகப் பூட்டாமல் விட்ட பொறுப்பு தன்னுடையது என்று முதல்வருக்கு எழுத ஆரம்பித்தார். அதற்குமேல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நயினார் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

நூலகம் எதிர்க் கட்டடத்தில் இருந்தது. நடந்தால் மூன்று நிமிடம். வேதியியல் துறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அறை வாசலில் தவசிமுத்து நின்றுகொண்டிருந்தார். ஜம்மென்று இஸ்திரி போட்ட சட்டை.

“என்னவே நயினாரு, மெஷின் என்னைய வெளிய தள்ளிட்டு? இன்னும் கால் மணி நேரந்தான், எல்லாம் முடிஞ்சிரும். வாரும், டீ சாப்பிடலாம். இன்னைக்கு டீ நம்ம கணக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நயினாரின் வாய் தானாகக் கோணியது. பல்லும் தெரிந்தது. இவரைக் கேட்காமலே முகம் சிரித்துவிட்டது.

அது இன்னும் போகவில்லை.

கையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார். பின்னால் பேராசிரியர் ஏதோ சொன்னது காதில் விழவில்லை. படி இறங்கினார். வெயிலில் குறுக்கே நடந்தார். படி ஏறினார்.

நூலகத்து உள்ளறையில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் சந்தனமாரி. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். மெஹருன்னிசா பேனாவை மூடி வைக்கப் போன நேரம்.

“என்ன வேணும்? சர்வர் அறையில இருந்தா?” என்று கேட்டார் மெஹருன்னிசா.

“இல்லம்மா. சாட்சி சொல்ல வந்திருக்கேன்.”

சந்தனமாரி நிமிர்ந்தார். அவர் பார்வை நயினாரின் முகத்துக்கு வரவில்லை. சட்டைப் பையில் இருந்த சீட்டில் நின்றது. விழாக் குழு. கைப்பையைப் பிடித்த விரல்கள் வெளுத்தன.

மெஹருன்னிசா தாளைப் புரட்டினார். “சாட்சிப் பட்டியல்ல உங்க பேரு இல்லையே. நீங்க யாரு?”

நயினார் சந்தனமாரியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“நாலாவது பத்தியில பேரு தெரியாதுன்னு ஒருத்தரை எழுதியிருக்கீங்கல்லா தாயி. அவரு பேரு நயினார். நாந்தான்.”

மெஹருன்னிசா பேனாவைக் கீழே வைத்தார். “நாலாவது பத்தியில என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதையும் சொல்லத்தான் வந்தேன்” என்றார் நயினார்.